தரையைக் கவ்விய கார்கள்

மாணவ நண்பர்களே, இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரே தடிமனுள்ள இரண்டு புத்தகங்களை மேசைமீது நான்கு விரற்கடை இடைவெளி விட்டு வையுங்கள். அவற்றின்மேல் ஒரு தாளைப் பாலம் போல் பரப்புங்கள். இப்போது குனிந்து, அந்தப் பாலத்தின் அடியில் வாயால் பலமாக ஊதுங்கள். தாள் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர், 'தாள் மேலே பறந்துவிடும்' என்றுதான் பதில் சொல்வார்கள். செய்து பார்த்தால் நடப்பது வேறு. தாள் பறப்பதில்லை. நடுவில் தொய்ந்து, மேசையை நோக்கிக் கீழே இறங்குகிறது! பலமாக ஊத ஊத இன்னும் நன்றாகப் பள்ளம் விழுகிறது.

பள்ளிக்கூட மேசைமீது செய்து பார்க்கும் இந்த எளிய உண்மையை ஒரு காரின் அடியில் கொண்டுபோய் வைக்க உலகின் தலைசிறந்த பந்தயக் குழுக்களுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

வளைவில் நடப்பது என்ன?

பந்தயம் என்றவுடன் நேர்ச்சாலையில் சீறிப் பாயும் வேகமே நம் நினைவுக்கு வரும். ஆனால் நேர்ச்சாலையில் விரைந்து செல்லப் பெரிய எஞ்சின் ஒன்று இருந்தால் போதும். பந்தயத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் வளைவுகளில்தான் முடிவாகிறது.

வளைவில் திரும்பும் ஒரு காருக்கு மையநோக்கு விசை தேவை. அதன் அளவு உங்களுக்குத் தெரிந்ததே: நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். கயிற்றில் கட்டிய கல்லுக்குக் கயிறு அந்த விசையைத் தருகிறது. காருக்குக் கயிறு ஏது? டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வுதான் அதற்குக் கயிறு. அந்த உராய்வுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. கார் தரையை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறதோ, அதை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் அந்த வரம்பு கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் நிறை 600 கிலோகிராம், வளைவின் ஆரம் 100 மீட்டர், உராய்வுக் குணகம் 1 என்று கொள்வோம். காரின் எடை 600 × 9.8, அதாவது 5,880 நியூட்டன். எனவே உராய்வு தரக்கூடிய உச்ச விசையும் 5,880 நியூட்டன்தான். இதை மையநோக்கு விசைக்குச் சமமாக்கினால், வேகத்தின் வர்க்கம் 980 என்று வருகிறது. வேகம் வினாடிக்கு 31.3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டர். இதற்கு மேல் போனால் கார் வளைவை விட்டு வெளியே வழுக்கிவிடும்.

'அப்படியானால் காரில் நாலு மூட்டை மணல் ஏற்றிவிட்டால் எடை கூடுமே, அழுத்தமும் கூடுமே?' என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் சமன்பாட்டை மறுபடியும் பாருங்கள். எடை கூடினால் உராய்வு கூடுவது உண்மையே. அதே விகிதத்தில் காரைத் திருப்பத் தேவையான மையநோக்கு விசையும் கூடிவிடுகிறதே! இரு பக்கமும் உள்ள நிறை அடிபட்டுப் போகிறது. மணல் மூட்டையால் பயனில்லை.

ஆக, நமக்கு வேண்டியது ஒரு விசித்திரமான பொருள். அது காரைக் கீழே அழுத்த வேண்டும். ஆனால் அதற்கு நிறை இருக்கக் கூடாது. அப்படி ஒன்று உண்டா? உண்டு. அதுதான் காற்று!

காரின் எடைக்குச் சமமான விசையுடன் காற்று மேலிருந்து அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். இப்போது உராய்வின் வரம்பு இரு மடங்காகிறது, நிறையோ கூடவில்லை. அதே வளைவில் கார் இப்போது வினாடிக்கு 44.3 மீட்டர், அதாவது மணிக்கு 159 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பலாம். எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் கிடைத்த லாபம் இது.

கார் பறக்கத்தான் விரும்புகிறது

ஆனால் காற்றைச் சும்மா விட்டால் அது காரை அழுத்துவதில்லை; தூக்கத்தான் பார்க்கிறது. காரணம் காரின் வடிவமே. பக்கவாட்டில் பார்த்தால் அடிப்பாகம் தட்டை, மேற்பாகம் வளைவு. விமான இறக்கையின் குறுக்குவெட்டும் ஏறக்குறைய இதுதானே! வளைந்த மேற்பரப்பின்மீது காற்று விரைவாகப் பாய்கிறது. விரைவு கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. இதைப் பெர்னூலியின் தத்துவம் என்கிறோம். புயல் நாளில் வீட்டுத் தகரக் கூரை உள்நோக்கி நசுங்காமல் மேல்நோக்கிப் பிய்த்துக்கொண்டு போவதும் இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறக்கையின் மேலே சென்ற காற்றும் கீழே சென்ற காற்றும் பின்முனையில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்றும், அதனால்தான் மேற்காற்று விரைகிறது என்றும் சில நூல்களில் படித்திருப்பீர்கள். அப்படி ஒரு விதி இயற்கையில் இல்லை. இறக்கை தன்னைக் கடந்து செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. எதிர்வினையாகக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியின் வழியே பார்த்தாலும், பெர்னூலியின் வழியே அழுத்தத்தைக் கணக்கிட்டாலும் விடை ஒன்றே.

இறக்கை காற்றைக் கீழே தள்ளினால் மேலே எழும். அதையே தலைகீழாகப் பொருத்தினால்? காற்றை மேலே தள்ளும். தான் கீழே அழுந்தும். இந்த எளிய எண்ணம் 1928 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அவ்வாண்டு மே மாதம் 23 ஆம் நாள் பெர்லின் நகரின் ஆவுஸ் பாதையில் ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பெல் என்பவர் 24 ராக்கெட்டுகள் பூட்டிய காரை மணிக்கு சுமார் 238 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். கார் தரையை விட்டு எழுந்துவிடாமல் இருக்க, அதன் இரு பக்கங்களிலும் முன்பக்கம் சரிந்த குட்டை இறக்கைகள் இருந்தன.

1956 இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் மே என்ற இளம் பொறியாளர் தமது போர்ஷ் ஸ்போர்ட்ஸ் காரின் மேல் ஒரு முழு இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி நூர்பர்க்ரிங் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். அதிகாரிகள் அதை அனுமதிக்கவில்லை. இறக்கையைக் கழற்ற வேண்டியதாயிற்று. அத்துடன் அந்த எண்ணம் பத்தாண்டுகள் உறங்கிப்போயிற்று.

ஓடும் பறவை

அதை எழுப்பியவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஹால். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரப் பொறியியல் படித்தவர், பந்தய ஓட்டுநரும்கூட. மிட்லண்ட் நகரில் தமக்கென்று ஒரு சோதனைப் பாதையையே வைத்திருந்தார். அவருடைய குழுவின் பெயர் சப்பரல். பறப்பதை விடத் தரையில் ஓடுவதையே விரும்பும் ஒரு பறவையை ஒட்டி அமைந்த பெயர் அது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

1966 இல் அவர் கொண்டுவந்த சப்பரல் 2இ என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் பின்புறம் இரண்டு உயரமான தண்டுகள் நின்றன. அவற்றின் உச்சியில் ஒரு தலைகீழ் இறக்கை. இதில் இரண்டு நுட்பங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, இறக்கையின் விசை காரின் உடல்மீது இறங்கவில்லை. தண்டுகளின் வழியே நேராகச் சக்கரங்களின்மீதே இறங்கியது. உடல்மீது இறங்கியிருந்தால் ஸ்பிரிங்குகள் நசுங்கி, கார் தரையில் உராயத் தொடங்கியிருக்கும். இரண்டாவது, ஓட்டுநர் இடக்காலால் ஒரு மிதியை அழுத்தினால் இறக்கை கிடைமட்டமாகும். தானியங்கிக் கியர் இருந்ததால் இடக்காலுக்குக் கிளட்ச் வேலை கிடையாது.

இறக்கையை ஏன் கிடைமட்டமாக்க வேண்டும்? இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. தலைகீழ் இறக்கை அழுத்துவிசையைத் தரும்போதே பின்னோக்கி இழுக்கும் காற்றுத்தடையையும் தருகிறது. வளைவில் அழுத்தம் வேண்டும். நேர்ச்சாலையில் தடை வேண்டாம். ஆகவே வளைவில் சாய்த்தும், நேர்ச்சாலையில் படுக்கவைத்தும் அவர் பயன்படுத்தினார். அந்த ஆண்டு லகுனா சேக்கா பந்தயத்தில் சப்பரல் குழுவின் ஃபில் ஹில் முதலிடமும், ஜிம் ஹால் இரண்டாமிடமும் பெற்றனர்.

மற்றக் குழுக்கள் சும்மா இருக்குமா? 1968 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் ஃபெராரி, பிராபம் குழுக்களின் கார்கள் இறக்கையுடன் தோன்றின. அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய எல்லாக் கார்களின் முதுகிலும் இறக்கை முளைத்துவிட்டது.

கடன் வாங்கிய விசை

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். காரின் எடை அதன் சொந்தப் பணம் போன்றது. எப்போதும் கூடவே இருக்கும். காற்று தரும் அழுத்துவிசையோ கடன் பணம். கடன் கொடுத்தவன் எந்த நேரத்திலும் திருப்பிக் கேட்கலாம்.

நம் கணக்கில் வந்த காரையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 159 கிலோமீட்டர் வேகத்தில் அது வளைவில் போகிறது. அதற்குத் தேவையான மையநோக்கு விசை 11,760 நியூட்டன். அதில் பாதியை எடையும் மறுபாதியை இறக்கையும் தந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கணத்தில் இறக்கை ஒடிந்துவிட்டால்? தேவை 11,760; கையில் இருப்பது 5,880. ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்தக் கழித்தல் கணக்கை அவரால் மாற்ற முடியாது.

1969 மே 4 ஆம் நாள் பார்சலோனாவின் மோன்ஷூயிக் பூங்காச் சாலைகளில் இதுதான் நடந்தது. லோட்டஸ் குழுவின் கார்களில் உயரமான மெல்லிய தண்டுகள்மீது இறக்கைகள் நின்றன. முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியனான கிரகாம் ஹில்லின் கார் ஒரு மேட்டைக் கடந்தபோது பின் இறக்கை முறிந்தது. கார் தடுப்பில் மோதிச் சிதைந்தது. ஹில் தப்பினார். சில சுற்றுகள் கழித்து, முன்னணியில் சென்றுகொண்டிருந்த அதே குழுவின் யோகன் ரிண்ட்டின் இறக்கையும் ஏறக்குறைய அதே இடத்தில் முறிந்தது. அவருடைய கார், சிதைந்து கிடந்த ஹில்லின் கார்மீதே போய் மோதியது. ரிண்ட் காயமடைந்தார்.

இரண்டு கார்கள், ஒரே குழு, ஒரே இடம், ஒரே காரணம். இதை விதியின் செயல் என்று சொல்லிவிட முடியுமா? இறக்கையின் விசையைக் கணக்கிட்டவர்கள், அதைத் தாங்கும் தண்டின் வலிமையை அதே கவனத்துடன் கணக்கிடவில்லை என்பதே உண்மை. இரண்டு வாரங்களுக்குப் பின் மொனாக்கோவில் பயிற்சி ஓட்டம் தொடங்கியபின் இறக்கைகள் தடை செய்யப்பட்டன. பிறகு அவை தாழ்ந்த, சிறிய, உடலோடு உறுதியாகப் பிணைக்கப்பட்ட வடிவில் மட்டும் அனுமதிக்கப்பட்டன.

பூச்சிகள் சொன்ன பாடம்

அதே 1969 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போர்ஷ் நிறுவனம் 917 என்ற பெயரில் 12 சிலிண்டர் எஞ்சின் கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியது. காற்றுத்தடை குறைய வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் நீண்ட, வழவழப்பான வால் அமைத்திருந்தார்கள். நேர்ச்சாலையில் அது அம்பாகப் பறந்தது. ஆனால் மிகுந்த வேகத்தில் அதை நேராக ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது. தேர்ந்த ஓட்டுநர்களே அதில் ஏறத் தயங்கினர். ஜூன் மாதம் ஃபிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், 917 ஒன்றைச் சொந்தமாக வாங்கி ஓட்டிய இங்கிலாந்தின் ஜான் வூல்ஃப், முதல் சுற்றிலேயே கட்டுப்பாட்டை இழந்து உயிரிழந்தார்.

அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. போர்ஷ் பொறியாளர்களுடன், அடுத்த ஆண்டு அக்கார்களை ஓட்டப்போகும் ஜான் வையர் என்பவரின் ஆங்கிலக் குழுவும் வந்திருந்தது. என்ன செய்தும் கார் அடங்கவில்லை. அப்போது ஆங்கிலக் குழுவின் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் காரைச் சுற்றிவந்து பார்த்தார். முன்புறத்திலும் கண்ணாடியிலும் கொசு போன்ற சிறு பூச்சிகள் மோதிச் செத்து ஒட்டிக்கிடந்தன. பின்புறத் தகடுகளில் மட்டும் ஒரு பூச்சிகூட இல்லை!

வேறொருவராக இருந்தால் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுப் போயிருப்பார். ஹார்ஸ்மன் யோசித்தார். பூச்சிகள் காற்றோடு வருபவை. அவை ஒட்டாத இடத்தில் காற்றும் படவில்லை என்றுதானே பொருள்? அதாவது, காற்று காரின் கூரையைத் தாண்டியதும் பின்புறத்தைத் தொடாமல் மேலேயே சென்றுவிடுகிறது. பின்புறத்தில் எவ்வளவு நல்ல தகடு வைத்தாலும் காற்று படாவிட்டால் அது எப்படி அழுத்தும்?

அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, வாலைக் குறுக்கி, காற்றோட்டத்தைத் தொடும்படி மேல்நோக்கிச் சரித்து ஒட்டுப்போட்டார்கள். பார்க்க அழகாக இல்லை. ஆனால் கார் தரையில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் குறுவால் வடிவமே 1970 இல் லெ மானில் போர்ஷ் நிறுவனத்துக்கு முதல் முழு வெற்றியைத் தேடித் தந்தது. 1971 இல் அதே வகைக் கார் 24 மணி நேரத்தில் 5,335 கிலோமீட்டர் ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 222 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை மிஞ்ச 2010 வரை யாராலும் முடியவில்லை. விலையுயர்ந்த கருவிகள் காட்டாததைச் செத்த பூச்சிகள் காட்டிக்கொடுத்தன. கண்ணைத் திறந்து வைத்திருப்பவனுக்கு எல்லாமே ஆய்வுக்கருவிதான்.

இரண்டு விழுக்காடு போதும்

இனி நம் தாள் பாலத்துக்குத் திரும்புவோம். காரின் மேலே இறக்கை வைப்பதற்குப் பதிலாக, காரின் அடியில் உள்ள அழுத்தத்தையே குறைத்தால் என்ன?

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 நியூட்டன். காரின் அடிப்பரப்பு 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடியில் உள்ள அழுத்தத்தை வெறும் 2 விழுக்காடு குறைத்தால் போதும். சதுர மீட்டருக்கு 2,000 நியூட்டன் வேறுபாடு. மொத்தம் 6,000 நியூட்டன். நம் 600 கிலோகிராம் காரின் எடையை விடச் சற்று அதிகம்! வளிமண்டலம் என்னும் பெரும் பாரம் நம் தலைமேல் எப்போதும் இருக்கிறது. அடியில் சிறிது இடம் கொடுத்தால் அது காரைத் தரையோடு சேர்த்து அழுத்திவிடும்.

இதை முதலில் முரட்டுத்தனமாகச் செய்து பார்த்தவரும் ஜிம் ஹால்தான். 1970 இல் வந்த அவருடைய சப்பரல் 2ஜே காரின் பின்புறம் இரண்டு பெரிய விசிறிகள் இருந்தன. அவற்றைச் சுழற்றுவதற்கென்றே பனிச்சறுக்கு வண்டியின் சிறிய எஞ்சின் ஒன்று தனியாக இருந்தது. அவை காரின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளின. வெளிக்காற்று உள்ளே புகாமல் இருக்கக் காரின் ஓரங்களில் தரையைத் தொடுமளவுக்குப் பிளாஸ்டிக் தடுப்புகள் தொங்கின. ஆங்கிலத்தில் அவற்றுக்கு வைத்த பெயருக்குப் 'பாவாடை' என்றே பொருள்.

இதில் ஒரு பெரிய ஆதாயம் உண்டு. இறக்கையின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். விசிறியின் விசையோ வேகத்தைப் பொறுத்ததன்று. கார் நின்றுகொண்டிருந்தாலும் அழுத்தம் இருக்கும். ஆகவே மெதுவான வளைவுகளில் 2ஜே எல்லாரையும் வியக்கவைத்தது. எந்திரக் கோளாறுகளால் அது ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. ஆயினும் போட்டியாளர்கள் அஞ்சினர். அந்தப் பந்தயப் பருவம் முடிந்ததும் அது தடை செய்யப்பட்டது. அந்த எண்ணம் மட்டும் சாகவில்லை. 2025 இல் இங்கிலாந்தின் மக்மர்ட்ரி நிறுவனத்தின் விசிறி பூட்டிய மின்கார் ஒன்று, ஒரு மேடையின் அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு சற்றுத் தூரம் நகர்ந்தே காட்டியது.

தொய்ந்த மாதிரி

விசிறி இல்லாமலேயே அடிக்காற்றை விரையச் செய்யும் வழியைக் கண்டது, மோன்ஷூயிக்கில் அடிபட்ட அதே லோட்டஸ் குழுதான். அதன் நிறுவனர் காலின் சாப்மன். அவருடைய குழுவில் இருந்த பீட்டர் ரைட் என்ற பொறியாளர், 1970களின் நடுவில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் கால் பங்கு அளவுள்ள ஒரு மாதிரிக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். மாதிரிக்கு அடியில் சாலையைப் போல ஓடும் பட்டை ஒன்று இருந்தது.

அளவீடுகள் முன்னுக்குப் பின் முரணாக வந்தன. அழுத்துவிசை ஒருமுறை காட்டிய எண்ணை மறுமுறை காட்டவில்லை. ஆய்வுக்கூடத்தில் இப்படி நேர்ந்தால் நாம் என்ன செய்வோம்? 'கருவி சரியில்லை' என்று சொல்லி, சராசரி எடுத்து எழுதிவிடுவோம். ரைட் குழுவினர் அப்படிச் செய்யவில்லை. உற்றுப் பார்த்தபோது, மாதிரியின் பக்கப் பெட்டிகள் காற்றோட்டத்தில் தொய்ந்து தரையை நெருங்குவது தெரிந்தது. நெருங்க நெருங்க அழுத்துவிசை கூடியது. உடனே பெட்டிகளின் ஓரத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அட்டைத் துண்டுகளால் அடைத்துப் பார்த்தனர். விசை மளமளவென்று உயர்ந்தது!

விளக்கம் இதுதான். பக்கப் பெட்டிகளின் அடிப்பாகத்தைத் தலைகீழ் இறக்கை போல வளைத்தால், அதற்கும் சாலைக்கும் இடையே நடுவில் குறுகிப் பின்னால் விரியும் ஒரு குழாய் உண்டாகிறது. குறுகிய இடத்தில் காற்று விரைய வேண்டும், அழுத்தம் விழும். கார் வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் சென்றால், குறுகிய இடத்தில் காற்று சுமார் 76 மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலே நாம் சொன்ன 2 விழுக்காடு வேறுபாடு கிடைத்துவிடும். பெர்னூலியின் சமன்பாட்டில் காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று வைத்து நீங்களே சரிபார்க்கலாம். இறக்கையைப் போலக் காற்றுத்தடையும் அவ்வளவு கூடுவதில்லை. இதற்குத் 'தரை விளைவு' என்று பெயர்.

1977 இல் லோட்டஸ் 78, 1978 இல் லோட்டஸ் 79 என்று கார்கள் வந்தன. 1978 இல் மாரியோ ஆண்ட்ரெட்டி உலகச் சாம்பியன் ஆனார். குழுவுக்கான பட்டமும் லோட்டசுக்கே கிடைத்தது. அதற்குப் போட்டியாகப் பிராபம் குழுவின் கோர்டன் மர்ரே, எஞ்சினைக் குளிர்விக்க என்று சொல்லிப் பின்புறம் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தினார். அது அடிக்காற்றையும் உறிஞ்சியது! 1978 ஜூன் 17 இல் சுவீடனில் நிக்கி லாடா அக்காரை ஓட்டி, இரண்டாவதாக வந்தவரை அரை நிமிடத்துக்கும் மேல் முந்தி வென்றார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒரே ஒரு பந்தயத்தோடு அந்தக் கார் ஒதுங்கிக்கொண்டது.

கடன்காரன் கதவைத் தட்டுகிறான்

தரை விளைவும் கடன்தானே? ஓரத் தடுப்பு எங்காவது சிக்கிக்கொண்டாலோ, கார் ஒரு மேட்டில் சற்று எழும்பினாலோ, அடியில் வெளிக்காற்று புகுந்துவிடும். அழுத்துவிசை அந்தக் கணமே மறையும். வளைவுகளில் வேகம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. ஓட்டுநருக்குத் தவறைத் திருத்த நேரம் குறைந்தது. 1982 இல் ஜில் வில்னவ், ரிக்கார்டோ பலெட்டி என்னும் இரு ஓட்டுநர்கள் பந்தயக் களத்தில் இறந்தனர். அவ்விபத்துகள் இரண்டும் கார்கள் ஒன்றோடொன்று மோதியதால் நேர்ந்தவை. ஆயினும் வேகத்துக்கு அணை போட வேண்டும் என்ற குரல் அந்த ஆண்டில் வலுத்தது. 1983 முதல் ஃபார்முலா 1 கார்களின் அடிப்பாகம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

காற்று கடனைத் திருப்பிக் கேட்ட இன்னொரு காட்சியை 1999 லெ மானில் உலகம் கண்டது. மெர்சிடிஸ் குழுவின் ஸ்போர்ட்ஸ் கார்கள் மூன்று முறை அந்தரத்தில் எழும்பின. பயிற்சியிலும் வெள்ளோட்டத்திலும் மார்க் வெபரின் கார். பந்தயத்திலேயே பீட்டர் டம்பிரெக்கின் கார். அது தடுப்பைத் தாண்டி மரங்களுக்கிடையே போய் விழுந்தது. மூக்கின் அடியில் காற்று புகுந்து, அழுத்துவிசை தூக்குவிசையாக மாறியதே காரணம். நல்லவேளையாக இருவரும் உயிர் தப்பினர்.

2022 இல் வளைந்த அடிப்பாகம் ஃபார்முலா 1 பந்தயத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உடனே பழைய தொல்லை ஒன்றும் திரும்பி வந்தது. கார் தரையை நெருங்க நெருங்க உறிஞ்சும் விசை கூடும், மேலும் நெருங்கும். அளவு மீறி நெருங்கினால் காற்றோட்டம் தடைப்பட்டு விசை அறும், கார் எழும்பும். எழும்பியதும் காற்று பாயும், மறுபடியும் உறிஞ்சும். இப்படி நேர்ச்சாலையில் கார்கள் கடல் ஓங்கில் போலத் துள்ளத் தொடங்கின. ஓட்டுநர்கள் முதுகுவலியால் துன்புற்றனர். 2023 இல் காரின் அடித்தட்டு ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தும்படி விதி திருத்தப்பட்டது. ஒரு விரற்கடை கூட இல்லாத அந்த இடைவெளியில் எவ்வளவு பௌதிகம் அடங்கியிருக்கிறது பாருங்கள்!

நமக்கு என்ன?

சில கார்களின் பின்புறத்தில் அழகுக்காக இறக்கை வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். மணிக்கு 160 கிலோமீட்டரில் தன் எடைக்குச் சமமான அழுத்தம் தரும் பந்தய இறக்கைகூட, 40 கிலோமீட்டரில் அதில் பதினாறில் ஒரு பங்குதான் தரும். நகரத் தெருவில் அந்த இறக்கையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நம் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் காற்று கடன் கொடுப்பதில்லை. உராய்வு என்னும் ஒரே கயிற்றை நம்பித்தான் நாம் வளைவுகளில் திரும்புகிறோம். மழையில் நனைந்த சாலையில் உராய்வுக் குணகம் பாதியானால், 113 கிலோமீட்டரில் திரும்ப முடிந்த அதே வளைவில் 80 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. மணல் சிதறிய திருப்பத்தில் இன்னும் குறைவு. பந்தய ஓட்டுநருக்குப் பின்னால் பொறியாளர் படையே உண்டு. நமக்கு இந்தச் சமன்பாடு ஒன்றுதான் துணை. அதை மறவாதிருப்போம்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஆரம் 200 மீட்டர், உராய்வுக் குணகம் 1, காற்றின் அழுத்துவிசை காரின் எடைக்குச் சமம். கார் திரும்பக்கூடிய உச்ச வேகம் என்ன?

2. அதே வளைவின் நடுவில் இறக்கை ஒடிந்துவிட்டால், வழுக்காமல் திரும்பக் கார் எந்த வேகத்துக்குக் குறைய வேண்டும்?

3. தாள் பாலச் சோதனையில் புத்தகங்களின் இடைவெளியை அகலமாக்கியும், தடிமன் குறைந்த புத்தகங்களை வைத்தும் செய்து பாருங்கள். எப்போது தாள் அதிகமாகத் தொய்கிறது? கண்டதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் முரணாக வந்தால் அடித்துவிட வேண்டாம். காரணத்தைத் தேடுங்கள்.